கிளாட் எழுதப் போகும் அக்கா மகளுக்கு

அன்புள்ள பாப்பா,

பதினேழு வயசாகியும் இன்னும் பாப்பாவா என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே. கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வா, அன்றிலிருந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன்.

தேசியச் சட்டப் பல்கலைகளில் சேர எழுதுகிற நுழைவுத் தேர்வான கிளாட்டுக்காக, போன ஞாயிற்றுக்கிழமை என் வீட்டு மாடி அறையில் உட்கார்ந்து மாக் டெஸ்ட் என்ற மாதிரித் தேர்வு எழுதினாயே, அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம். அன்றைக்கே பேசியிருக்கலாம். ஆனால் நீ கதவைச் சாத்திக்கொண்டு அழுதுகொண்டிருந்தாய். உன் அம்மா வெளியே நின்று "எத்தனைடி, எத்தனை?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நடுவில் நான் எதற்கு என்று காபி போடப் போய்விட்டேன்.

நீங்கள் கிளம்பிய பிறகு, நீ கசக்கிப் போட்டுவிட்டுப் போன கேள்வித்தாளை எடுத்துப் பிரித்துப் பார்த்தேன். வக்கீல் தொழில் புத்தி. 120-ல் 83 கேள்விக்கு விடை குறித்திருக்கிறாய். 57 சரி, 26 தப்பு. சரிக்கு ஒரு மதிப்பெண், தப்புக்குக் கால் மதிப்பெண் வீதம் ஆறரை போக 50.5. மீதி 37 கேள்வியை நீ பார்க்கவே இல்லை. அந்த 37-ல் பத்துக் கேள்வியாவது உனக்குச் சுலபமாக வந்திருக்கும் என்று நான் சத்தியம் செய்வேன்.

அவ்வளவு நேரமும் எங்கே போனது என்று தேடினேன். கண்டுபிடிக்கக் கஷ்டமே இல்லை. சட்டப் பகுதியில், கடையில் பொருள் விற்பதைப் பற்றிய அந்தப் பாசேஜ், அதாவது படித்துவிட்டுப் பதில் சொல்ல வேண்டிய பத்தி. ஓரத்தில் பென்சிலால் "அப்பா கடை??" என்று எழுதி, இரண்டு முறை வட்டம் போட்டிருக்கிறாய்.

கடையில் விலை ஒட்டி அடுக்கி வைத்திருப்பது விற்பதாகச் சொன்ன வாக்கு ஆகாது, வாங்குகிறவரை வா என்று அழைப்பது மட்டும்தான். அவர் பொருளை எடுத்துக் கல்லாவில் நீட்டும்போதுதான் 'வாங்குகிறேன்' என்ற முன்மொழிவு பிறக்கிறது. கடைக்காரர் அதை ஏற்கலாம், மறுக்கலாம். பாசேஜ் சொன்னது இவ்வளவுதான். 1953-ல் இங்கிலாந்தில் பூட்ஸ் மருந்துக்கடை வழக்கில் வந்த தீர்ப்பு இது. சட்டக் கல்லூரியில் சேர்ந்தால் ஒப்பந்தச் சட்ட வகுப்பில் இதை எப்படியும் சந்திப்பாய். கேள்வி என்ன? 300 ரூபாய் குக்கரில் தவறுதலாக 30 என்று ஒட்டிவிட்டார்கள், வாடிக்கையாளர் முப்பதுக்கே கொடு என்று நிற்கிறார், கடைக்காரர் கொடுத்தாக வேண்டுமா? பாசேஜ்படி கொடுக்க வேண்டியதில்லை. நீ 'கொடுக்க வேண்டும்' என்று குறித்து, அடித்து, மறுபடி அதையே குறித்திருக்கிறாய்.

ஏன் என்று எனக்குத் தெரியும். உன் அப்பா கொடுத்துவிடுவார். "ஒட்டினது நாம, தப்பு நம்மளது" என்று சொல்லி, நஷ்டத்துக்குப் பையில் போட்டுக் கொடுப்பதை நானே பார்த்திருக்கிறேன். நல்ல மனுஷர். ஆனால் அந்தக் கேள்வி உன் அப்பாவைப் பற்றியது இல்லையே. பத்திக்குள் என்ன விதி சொன்னார்களோ அதை மட்டும் பொருத்திப் பார்க்கச் சொல்கிறார்கள். அது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை. அந்தச் சண்டையை வக்கீல் ஆன பிறகு நீதிமன்றத்தில் போடலாம், காசும் தருவார்கள்.

எனக்கு உறுத்தியது அந்தத் தப்பு இல்லை. நீ அங்கேயே நின்றுவிட்டாய். அப்புறம் கேட்டபோது பதினைந்து நிமிஷம் ஆச்சு என்றாய், "விட மனசே வரலை சித்தி" என்றாய்.

எப்படி வரும்? பத்து வருஷமாக உனக்குச் சொல்லிக் கொடுத்ததே விடாதே என்பதுதான். தெரியாவிட்டாலும் எதையாவது எழுதி வை, ஒரு கேள்வியும் காலியாக இருக்கக் கூடாது, அடிஷனல் ஷீட் வாங்கு. பொதுத்தேர்வுக்கு அது சரி, பிளஸ் டூவில் மார்க்கும் அப்படித்தான் வரும். இது வேறு பரீட்சை. 120 நிமிஷத்தில் 120 கேள்வி, அதற்கு நடுவில் 450 சொல் வரைக்கும் நீளும் ஆங்கிலப் பத்திகள். எல்லாவற்றையும் முடிக்கிறவள் ஜெயிக்கிறாள் என்று நீ நினைக்கிறாய். நிறையப் பேர் முடிக்க மாட்டார்கள். எதை விடுவது என்று முதல் அரை நிமிஷத்தில் முடிவு செய்கிறவள் முன்னால் போய்விடுகிறாள்.

அந்தக் கால் மதிப்பெண்ணைக் கண்டு இன்னொரு பயம் உனக்கு. கணக்கு போட்டுப் பார். நாலு விடையில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு தொடுகிறாய் என்று வை. 16 கேள்விக்குச் சராசரியாக 4 சரி, 12 தப்பு. நாலில் மூன்று போனால் ஒன்று மிச்சம். குருட்டாம்போக்கிலேயே நஷ்டம் இல்லை என்றால், இரண்டு விடையை அடித்துவிட்டு மீதி இரண்டில் ஒன்றைத் தொடுவது லாபம்தான். நம்மைத் தின்பது நின்றுபோன அந்தப் பதினைந்து நிமிஷம்.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறாயா? நானும் எழுதினேன், உன் அம்மா சொல்லியிருக்க மாட்டாள். அப்போது மே மாதத்தில் வரும், 200 கேள்வி, சட்ட வார்த்தைகளை மனப்பாடம் செய்ய வேண்டும். நான் போன பயிற்சி மையத்தில் வாராவாரம் ரேங்க் பட்டியலை வாசலில் ஒட்டுவார்கள். கடைசிப் பத்துப் பெயர் சிவப்பு மையில். மூன்று வாரம் சிவப்பில் இருந்தேன். அப்புறம் விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து படிக்க ஆரம்பித்தேன். தூக்கம் போச்சு, சாப்பாடு இறங்கவில்லை. பரீட்சை அன்று, விடைக்கு வட்டம் நிரப்புகிற ஓஎம்ஆர் தாளில் ஒரு வரிசை தள்ளி நிரப்பியிருக்கிறேன். கவனித்தபோது இருபத்துச் சொச்சம் வட்டம் தாண்டியிருந்தது. கை ஜில்லென்று போனது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. அதனால்தான் சொல்கிறேன், ஒரு பாசேஜ் முடிந்ததும் அந்த ஐந்து வட்டத்தை நிரப்பிவிட்டு அடுத்ததுக்குப் போ. கடைசியில் மொத்தமாக நிரப்பலாம் என்று வைக்காதே.

பிளஸ் டூ மார்க்கை வைத்து அரசு சட்டக் கல்லூரியில் சேர்ந்தேன். இன்றைக்கு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் வக்கீலாக நிற்கிறேன். எந்தக் கல்லூரி என்று எந்த நீதிபதியும் இதுவரை கேட்டதில்லை. இதைச் சொல்லி உன்னை ஏமாற்றவும் மாட்டேன். பெங்களூரு, ஹைதராபாத் தேசியச் சட்டப் பல்கலைகளில் படித்தால் பெரிய நிறுவனங்கள் வளாகத்துக்கே வந்து வேலை கொடுக்கின்றன, எனக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் அந்த வித்தியாசத்துக்காக யாரும் செத்துப்போக வேண்டியதில்லை. கட்டணமும் வருஷத்துக்கு லட்சக்கணக்கில் வரும். அதற்காக உன் அப்பா இப்போதே சீட்டுப் போட ஆரம்பித்திருக்கிறார். அது தெரிந்துதான் உனக்கு இரட்டைப் பாரம் என்பதும் எனக்குத் தெரியும். பணம் அவர் கவலை, கொஞ்சம் என் கவலை. உன் தலையில் அதை ஏற்றிக்கொள்ளாதே.

சரி, வேலைக்கு வருவோம். வாரத்துக்கு ஒரு மாக் போதும். இரண்டு நாள் உட்கார்ந்து அதைப் பிரித்து மேய். பரீட்சை மதியம் 2 மணியிலிருந்து 4 மணி வரை, சோறு தின்றால் கண் சொருகும் நேரம். மாக்கும் அதே நேரத்தில் எழுது. விடியற்காலைப் படிப்பு அதற்கு உதவாது. நடப்பு நிகழ்வுகளை முதலில் முடித்துவிடு, தெரியும் அல்லது தெரியாது, யோசித்தால் வராது. கணக்குக்குப் பயப்படாதே, 10 முதல் 14 கேள்விதான், பத்தாம் வகுப்புக் கணக்கு. தினமும் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படித்து, அது என்ன சொல்கிறது என்று எனக்குத் தமிழில் இரண்டு வரி வாட்ஸ்அப்பில் அனுப்பு. தமிழில் சொல்ல வரவில்லையா, உனக்குப் புரியவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் மழை. சிரிக்காதே. டிசம்பர் முதல் வாரத்தில் பரீட்சை வைத்தால் நம் ஊரில் என்ன நடக்கும்? 2023-ல் டிசம்பர் 3 பரீட்சை, அன்று ராத்திரி மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. 2024-ல் டிசம்பர் 1 பரீட்சை, முந்தின ராத்திரிதான் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரையைக் கடந்தது. மையம் எந்த ஊரில் விழுந்தாலும் முதல் நாளே போய்விடுவோம், நான் கூட வருகிறேன்.

இன்னொன்று. ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னாயே. பரீட்சை பயத்தில் இரண்டு மூன்று நாள் அப்படி வரும், போகும். இரண்டு வாரமாகியும் தூக்கம் வராவிட்டால் மறைக்காதே, டாக்டரிடம் போவோம். யாரிடமும் சொல்லப் பிடிக்காத ராத்திரியில் 14416-க்குப் போன் போடு. டெலிமானஸ் என்ற மனநல உதவி எண், அரசு நடத்துவது, காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள்.

உன் அம்மாவிடம் பேசிவிட்டேன். டிசம்பர் வரைக்கும் எத்தனை என்று கேட்க மாட்டாள். கேட்டால் எனக்குச் சொல்லு.

வரும் ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கே வந்துவிடு. பிரியாணி கிடையாது, ரசம் சாதமும் அப்பளமும்தான். இரண்டு மணிக்கு மாடிக்குப் போ. அந்தக் கசங்கிய தாளை இஸ்திரி போட்டு எடுத்து வைத்திருக்கிறேன். "அப்பா கடை??" பக்கத்தை மட்டும் உனக்குத் திருப்பித் தர மாட்டேன்.

அன்புடன்,
சித்தி