உன் நாக்கில் குறையில்லை

வெள்ளவத்தை,
கொழும்பு.

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது,

கோவிட் காய்ச்சல் விட்டு மூன்று கிழமையாகியும் நாக்கு செத்துப்போனது போலவே இருக்கிறதென்றும், நான் கொடுத்தனுப்பிய தூளைப் போட்டு வைத்த மீன்குழம்பு வெறும் உப்பும் புளியுமாகவே இருந்ததென்றும் நேற்றுத் தொலைபேசியில் சொன்னாய். உன் குரல் தழுதழுத்ததைக் கேட்டதும் எனக்கும் பேச்சு வரவில்லை. உயர்தர வகுப்புப் பிள்ளைகளுக்கு இத்தனை ஆண்டுகள் உயிரியல் படிப்பித்தவள், தன் பிள்ளைக்கு ஆறுதலாக விளக்கிச் சொல்லாமல் விடலாமா என்றுதான் இதை எழுதுகிறேன்.

உப்பும் புளியும் தெரிந்தன என்றாயே, அதிலேயே விடை இருக்கிறது. நாக்கின் சுவையரும்புகள் அறிவது இனிப்பு, புளிப்பு, உப்பு, கைப்பு என்ற நான்கையும், 1908இல் யப்பானிய இரசாயனவியலாளர் கிக்குனே இக்கேடா கடற்பாசிச் சாற்றிலிருந்து இனங்கண்ட உமாமியையும்தான். நாங்கள் சம்பலுக்கு மாசிக் கருவாட்டை இடித்துப் போடும்போது கிடைப்பது அந்த ஐந்தாவது சுவை. நுனியில் இனிப்பு, அடியில் கைப்பு என்று நாக்கைப் பங்குபோட்ட படத்தை நானும் கரும்பலகையில் வரைந்திருக்கிறேன், அது பிழை. சுவையரும்பு உள்ள இடமெல்லாம் ஐந்தும் தெரியும். மற்றபடி நற்சீரகம், வெந்தயம், கறிவேப்பிலை என்று நாம் ருசியாக நினைப்பதெல்லாம், மென்று விழுங்கும்போது வாயின் பின்வழியாக மூக்குக்கு ஏறும் மணமே. சின்ன வயதில் மீனெண்ணெய் குடிக்கும்போது நீ மூக்கைப் பொத்திக்கொள்வாய். விழுங்கிவிட்டுக் கையை எடுத்த பிறகுதான் முகத்தைச் சுளிப்பாய். வழி திறந்ததும் மணம் மேலே போய்ச் சேர்ந்துவிடும்.

அது போய்ச் சேரும் இடம் மூக்கின் உச்சியிலுள்ள ஒரு சிறிய சவ்வு. அங்குள்ள நரம்புக்கலங்களின் நார்கள், சல்லடை போன்ற மெல்லிய எலும்பின் துளைகளூடாக நேரே மூளைக்குள் நுழைகின்றன. மண மூலக்கூறுகளைப் பிடித்துக்கொள்ளும் வாங்கிகள் மனிதரில் ஏறத்தாழ 400 வகை; அவற்றின் பெரிய மரபணுக் குடும்பத்தை 1991இல் வெளிக்கொணர்ந்த லிண்டா பக், ரிச்சர்ட் அக்செல் இருவருக்கும் 2004இல் நோபல் பரிசு கிடைத்தது. ஒரு மணம் பல வகை வாங்கிகளை ஒன்றாகத் தூண்டும்; எந்தெந்த வகைகள் தூண்டப்பட்டன என்பதைக் கொண்டே மூளை அது இன்னதென்று அறிகிறது. நினைவையும் உணர்ச்சியையும் ஆளும் பகுதிகளுக்கு மூக்கிலிருந்து இவ்வளவு நேர்வழி இருப்பதால்தான், கடுகு வெடித்துக் கறிவேப்பிலை விழுந்ததும் அம்மம்மாவின் குசினி உன் கண்முன் வந்து நிற்கிறது. நீ அழுதது வெறும் குழம்புக்காக அல்ல என்பது எனக்குத் தெரியும்.

உனக்கு வந்த கோவிட் வைரசு, அந்த நரம்புக்கலங்களைவிட அவற்றைத் தாங்கி நிற்கும் துணைக்கலங்களையே பெரும்பாலும் தாக்குகிறது. மூக்கின் இந்த நரம்புக்கலங்கள் வாழ்நாள் முழுவதும் அழிந்து அழிந்து புதிதாக முளைப்பவை என்பதே எனக்குள்ள பெரிய தைரியம். சிலருக்குக் கிழமைகளில் திரும்பும். சிலருக்கு மாதங்கள் எடுக்கும்.

அதுவரை, நாக்கறியும் சுவைகளைத் தவிர, மணத்தை நம்பியிராத இன்னும் இரண்டும் அறுசுவையில் உண்டு. நாம் உறைப்பு என்று சொல்லும் கார்ப்பு உண்மையில் சுவையே அல்ல, நோவு. ஏறத்தாழ 43 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட சூட்டை உணரும் வாங்கியொன்று வாயிலும் தோலிலும் இருக்கிறது. மிளகாயின் உறைப்புப் பொருளான கப்சைசின் அதைத் திறந்து, சூடு பட்டதாக மூளையை நம்பவைக்கிறது என்பதை 1997இல் அமெரிக்க ஆய்வாளர் டேவிட் ஜூலியஸ் காட்டினார். துவர்ப்பு பெரும்பாலும் தொடுகை: பாலில்லாத கடுந்தேத்தண்ணீரிலுள்ள தனின்கள் என்னும் பொருட்கள் உமிழ்நீரின் புரதங்களைப் பற்றிக்கொள்ள, வழுவழுப்புப் போய் நாக்குச் சொரசொரக்கிறது. மணம் தெரியவில்லையே என்று மிளகாய்த்தூளையும் உப்பையும் அள்ளிப் போடாதே, பிள்ளை. உணர்வை இழந்தவர்கள் பலரும் செய்யும் தவறு அது.

அப்பாவைப் பற்றி உன்னிடம் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் அவர் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தபோது, வெள்ளைத் தரையில் விறாந்தையிலிருந்து கதிரை வரை சிவப்புப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. காலைத் தூக்கிப் பார்த்தால் குதிக்காலில் கண்ணாடித்துண்டு. அவருக்குத் தெரியவேயில்லை. காலை இடித்தால் முதலில் சுரீரென்று ஒரு நோவும், சற்றுப் பொறுத்து மந்தமான இன்னொரு நோவும் வரும். முதலாவதை மெல்லிய உறையுள்ள நரம்புநார்கள் செக்கனுக்கு 5 முதல் 30 மீற்றர் வேகத்தில் கொண்டுசெல்ல, உறையில்லாத நார்கள் இரண்டாவதை 2 மீற்றருக்கும் குறைந்த வேகத்தில் சுமந்து வருகின்றன. நீரிழிவு அவருடைய பாதத்து நார்களைக் கெடுத்துவிட்டதால் இரண்டுமே வரவில்லை. இப்போது ஒவ்வோரிரவும் டோர்ச் அடித்து அவருடைய உள்ளங்கால்களை நான் பார்க்கிறேன். நோவு இல்லாமற் போவதை வரம் என்று எவரும் சொன்னால் எனக்குக் கோபம் வருகிறது.

உன் மூக்கும் அப்படியொரு காவல். சமையல் எரிவாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவு தெரியவேண்டுமென்றே நாற்றமுள்ள கந்தகச் சேர்வையைக் கலக்கிறார்கள். இப்போது அது உனக்குத் தெரியாது. ஆகவே அடுப்பை இரண்டு தரம் பார், புகை எச்சரிக்கைக் கருவி வேலைசெய்கிறதா என்று பார், பழங்கறியைச் சூடாக்கிச் சாப்பிடாதே.

மூக்கைப் பழக்கவும் வழியுண்டு. ஜெர்மனியின் திரெஸ்டனில் தோமஸ் ஹும்மெலின் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ரோசா, யூக்கலிப்டஸ், எலுமிச்சை, கராம்பு ஆகிய நான்கையும் காலையும் மாலையும் 12 கிழமைகள் முகர்ந்தவர்களுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஒவ்வொன்றையும் இருபது செக்கனளவு, அந்த மணத்தை நினைத்துக்கொண்டே முகர். யூக்கலிப்டஸ் மூக்கில் குளிர்ந்தால் அதை மணமென்று எண்ணிவிடாதே. அது முகத்தின் தொடுகையையும் நோவையும் கொண்டுசெல்லும் முக்கிளை நரம்பின் வேலை. இடையில் கோப்பியும் வதக்கிய வெங்காயமும் கருகின நாற்றமாக வந்தால் பயப்படாதே. புதிய நார்கள் இடம் தேடும்போது பலருக்கு அப்படி நேர்வதுண்டு. அப்போதும் திருந்தாவிட்டால் காது மூக்கு தொண்டை வைத்தியரிடம் போ.

வெள்ளவத்தைச் சந்தையில் நல்ல கராம்பு வாங்கிப் போத்தலில் இறுக்கி மூடி வைத்திருக்கிறேன். அடுத்த கிழமை அங்கு வருபவரிடம் கொடுத்தனுப்புவேன். ஒவ்வொரு நாளும் புதிதாக ஒன்றை நசுக்கி முகர். என்றைக்கு மெல்லியதாகவேனும் ஏதாவது தெரிகிறதோ, நேரம் பார்க்காமல் எனக்கு அழைப்பெடு.

அன்புடன்,
அம்மா