செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு வழக்கம்போலக் கூடியது. பொங்கல் ஒன்றுகூடலும், ஏப்ரலில் தமிழ்மொழி விழாவையொட்டி வைத்த பேச்சுப் போட்டியும் நன்றாக நடந்தன. செந்தோசா உலா மழையால் நின்றது.

அடுத்து, இளையர் பிரிவின் கம்பியில்லாச் செய்திக் கருவித் திட்டம். "கைபேசி இருக்கும்போது இது எதற்கு?" என்று சென்ற பொதுக்கூட்டத்தில் ஒருவர் கேட்டார், சிலர் சிரித்தார்கள். எனக்குப் பதில் சொல்ல நேரம் கிடைக்கவில்லை. இங்கே எழுதிவிடுகிறேன்.

லோரா என்ற, குறைந்த மின்சாரத்தில் தொலைவுக்கு வானொலி அலை அனுப்பும் மின்சுற்றுப் பலகை ஒன்று, பேட்டரி, ஆன்டெனா. கருவி இவ்வளவுதான். சிம் கார்டும் மாதக் கட்டணமும் வேண்டாம். மெஷ்டாஸ்டிக் என்ற இலவச மென்பொருளை ஏற்றினால், ஒரு கருவி அனுப்பும் செய்தியை வழியிலுள்ள மற்றக் கருவிகள் வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும். எழுதுவதற்குக் கைபேசியை புளூடூத்தில் இணைக்கிறோம், உண்மைதான். ஆனால் கருவியின் பாகங்களைச் சூட்டுக்கோலால் பற்றவைத்துச் சேர்ப்பது பிள்ளைகள்.

பாகங்களை, மின்னணுக் கடைகள் நிறைந்த சிம் லிம் டவரில் வாங்கினோம். மலிவாக இருக்கிறதென்று சிலர் இணையத்தில் வரவழைத்தது 433 மெகாஹெர்ட்ஸ் பலகை. நாம் பயன்படுத்துவதோ 920 முதல் 925 வரையிலான அலைவரிசை. இரண்டும் பேசிக்கொள்ளாது. சுற்றறிக்கையில் தடித்த எழுத்தில் போட்டிருந்தேன். யார் படிக்கிறார்கள்?

உயர்நிலை இரண்டில் படிக்கும் ஒரு மாணவி, பேட்டரியைச் செருகும் முன் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தார். பேட்டரியின் கூட்டல் முனையான சிவப்புக் கம்பி, பலகையில் கழித்தல் குறி போட்ட பக்கம் வந்தது. ஊசியால் முனைகளை நெம்பி எடுத்து இடம் மாற்றினார். அப்படியே செருகியிருந்தால் பலகை புகைந்திருக்கும். இதை எந்தத் துணைப்பாட வகுப்பில் சொல்லித் தருகிறார்கள்?

தமிழுக்கு இதனால் என்ன பயன் என்றும் கேட்டார்கள். ஒரு செய்திக்கு ஏறக்குறைய 200 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும்; 'சாப்பிட்டாச்சா' என்ற ஏழெழுத்துக்கே 42 பைட் போய்விடும். வளவளவென்று எழுத வழியில்லை. பிள்ளைகள் சொல்லைப் பார்த்துப் பார்த்துப் போடுகிறார்கள். நம் பேச்சுப் போட்டியில்கூட இவ்வளவு சிக்கனம் கண்டதில்லை.

தேர்வுக் காலத்தில் மாணவர் வருகை குறைந்தது, சரி. உதவிக்கு வருவதாக வாட்ஸப்பில் கட்டைவிரல் காட்டிய பெரியவர்களுக்கு என்ன தேர்வோ தெரியவில்லை.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் படிப்பார். இருப்பு சற்றுக் குறைந்திருக்கிறது. அதற்குக் கருவிகள் மட்டும் காரணமல்ல; பொங்கல் சாப்பாட்டுச் செலவையும் பாருங்கள். உறுப்பினர்களில் பாதிப்பேருக்கு மேல் சந்தா செலுத்தவில்லை. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை. பணம் அனுப்ப வேண்டிய பேநவ் எண் வாட்ஸப் குழுவில் இருக்கிறது.

இடம் தந்த சமூக மன்றத்துக்கும், பற்றவைப்புப் புகையைப் பொறுத்துக்கொண்ட அடுத்த அறை யோகா வகுப்பினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டும் நான் இப்பொறுப்பில் இருப்பேனா என்பதை உங்களிடம் விடுகிறேன். திட்டத்துக்கு இப்போதைய தடை உயரம்தான். அடுக்குமாடிக் கட்டடத்தின் திறந்த கீழ்த்தளமான வாய்ட் டெக்கிலிருந்து அனுப்பினால் இரண்டு புளோக் தாண்டுவதற்குள் கான்கிரீட் விழுங்கிவிடுகிறது. மேல்மாடிச் சன்னலோரம் ஒரு கருவி இருந்தால் இன்னும் வெகுதூரம் எட்டும். 20ஆம் மாடிக்கு மேல் குடியிருப்போர் நம்மில் உண்டு; அவர்களில் சிலருக்குச் சந்தா பாக்கியும் உண்டு. இரண்டையும் சேர்த்துப் பேசிக்கொள்ளலாம் என்கிறார் பொருளாளர்.

இப்படிக்கு,
செயலாளர்