செயலாளர் ஆண்டறிக்கை 2024–25: புயலுக்கு முன்னாலேயே முடிக்க வேண்டிய வேலை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கும், ஓய்வு பெற்ற பிறகும் கூட்டம் தவறாமல் வரும் மூத்தவர்களுக்கும் வணக்கம்.

கடலூர் மாவட்டத்தில் வேலை பார்க்கும் சுகாதார ஆய்வாளர்களும் களப்பணியாளர்களும் சேர்ந்து நடத்தும் நம் சங்கத்தின் ஆண்டறிக்கையில் வழக்கமாக முதலில் வரும் கூட்ட விவரம், சந்தா விவரம் எல்லாவற்றையும் இந்த முறை கடைசிக்குத் தள்ளிவிட்டேன். காரணம் ஃபெஞ்சல்.

2024 நவம்பர் 30 இரவு புதுச்சேரி அருகே கரை ஏறிய புயல் சட்டென்று நகராமல் அங்கேயே நின்று கொட்டியது. புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 செ.மீ. மழை. நாமெல்லாம் கடல் பக்கம் பார்த்துக்கொண்டிருக்க, மேற்கே சாத்தனூர் அணையில் விநாடிக்கு ஒன்றரை லட்சம் கனஅடிக்கு மேல் தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை வழியாக அது நம் ஊர்களுக்குள் வந்தது. காற்றுக்கு ஒரு தயாரிப்பு, ஆற்றுக்கு வேறு தயாரிப்பு. தானே புயல் வந்த 2011 டிசம்பரில் மரமும் மின்கம்பமும் சாய்ந்து, பல கிராமங்கள் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன, ஜெனரேட்டர் வைத்துத்தான் டேங்கில் தண்ணீர் ஏற்ற முடிந்தது. ஆற்று வெள்ளத்தில் அப்படியில்லை. மோட்டார் ஓடும், குழாயில் தண்ணீரும் வரும், ஆனால் உடைந்த குழாய் வழியாகச் சேறும் சாக்கடையும் அதோடு சேர்ந்தே வரும். எனக்கு இதுதான் அதிக பயம், ஏனென்றால் தண்ணீர் வருகிறதே என்று யாரும் சந்தேகப்படுவதில்லை.

இந்த ஆண்டு நாம் அதிக நேரம் செலவழித்தது குளோரினேஷன், அதாவது குடிதண்ணீரில் குளோரின் கலக்கும் பயிற்சிக்குத்தான். டேங்க் ஆபரேட்டர்களை உட்கார வைத்துக் கணக்கைச் செய்து காட்டினோம். 33 சதவீதம் குளோரின் இருக்கிற நல்ல பிளீச்சிங் பவுடரை 1,000 லிட்டருக்கு 4 கிராம் போட்டால் தண்ணீரில் சுமார் 1.3 பி.பி.எம். (லிட்டருக்கு 1.3 மில்லிகிராம்) குளோரின் வரும். 30,000 லிட்டர் டேங்குக்கு 120 கிராம். பவுடரை அப்படியே கொட்டாமல், வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும் மேலே தெளிந்த நீரை மட்டும் ஊற்றி, அரை மணி நேரம் விட்டுத்தான் திறக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் மூட்டையைப் பிரித்து ஈரத்தில் வைத்த பவுடரின் வீரியம் பாதிக்கும் கீழே போயிருக்கும், அதே 120 கிராம் போட்டால் கணக்கு ஏட்டில் மட்டும்தான் சரியாக இருக்கும் என்பதைப் பலர் அன்றைக்குத்தான் நேரில் பார்த்தார்கள். ஓர் ஊராட்சியில் முந்தைய மழைக்கு வாங்கிய மூட்டை மோட்டார் அறையில் வாய் திறந்தே கிடந்தது.

அதனால் சங்கம் திரும்பத் திரும்பக் கேட்பது ஒன்றைத்தான். டேங்குக்கு அடியில் சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீரில் குளோரின் அளவு பார்க்கும் குளோரோஸ்கோப்பை எடுத்துக்கொண்டு கடைசித் தெருவின் கடைசிக் குழாய்க்குப் போங்கள். சாதாரண நாளில் அங்கே 0.2 பி.பி.எம்., வெள்ளக் காலத்தில் 0.5 இருக்க வேண்டும். இல்லையென்றால் நடுவில் எங்கோ உடைப்பு இருக்கிறது, தேடிப் பிடிக்க வேண்டும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் ரோட்டின் இரு பக்கமும் கோலம் போட்டதுபோல் பவுடர் தூவுவதை நிறுத்த வேண்டும். மண்ணில் விழுந்த குளோரின் மண்ணோடு போய்விடும், ஒரு கிருமியும் குறையாது. அந்தப் பவுடர் டேங்குக்குப் போக வேண்டியது. 2004 சுனாமியின்போது பிணங்களால் கொள்ளைநோய் வரும் என்று ஊரே நடுங்கியது. அப்படி எதுவும் வரவில்லை. குடிதண்ணீரில் குளோரின், குழந்தைகளுக்குத் தட்டம்மை ஊசி, முகாம்களில் கழிப்பறை என்று நம் மூத்தவர்கள் இரவு பகலாகப் பார்த்த வேலைக்கு அதில் பெரிய பங்கு உண்டு. பக்கத்தில் காரைக்காலில் 2022 ஜூலையில் காலரா பரவிப் பொது சுகாதார அவசரநிலையே அறிவித்தார்கள். அப்போது புயலும் இல்லை, வெள்ளமும் இல்லை. குடிதண்ணீர் கெட்டாலே போதும்.

முகாம்கள் விஷயத்தில் இன்னும் நிறைய செய்ய வேண்டியிருக்கிறது. பள்ளிக்கூடத்தைத் திறந்துவிட்டால் முகாம் ஆகிவிடாது. தலைக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர் தண்ணீர், 20 பேருக்கு ஒரு கழிப்பறை என்ற அளவு உலகம் முழுக்க வைத்திருப்பது. ஆரம்ப நாட்களில் 50 பேருக்கு ஒன்றாவது வேண்டும். பெண்கள் கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு இருக்கிறதா என்று மழைக்கு முன்பே போய்ப் பார்க்க வேண்டும், இல்லையென்றால் இரவில் போக பயந்து தண்ணீரே குடிக்காமல் இருப்பார்கள்.

அப்புறம் கொசு. வெள்ளம் வடிந்ததும் எல்லோரும் புகை மருந்து கேட்கிறார்கள். புகையால் பறக்கிற கொசுதான் சாகும், டிரம்மில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. தண்ணீர் ஒழுங்காக வராத வாரங்களில் வீட்டுக்கு வீடு டிரம்மிலும் அண்டாவிலும் பிடித்து வைப்பார்கள், ஒரு வாரம் பத்து நாளில் டெங்கு பரப்பும் ஏடிஸ் கொசு அதிலிருந்து பறந்துவிடும். வாரம் ஒரு முறை தேய்த்துக் கழுவச் சொல்லி வீடு வீடாகப் போவதைத் தவிர இதற்குக் குறுக்குவழி கிடையாது.

நம் ஆட்களைப் பற்றிச் சொல்லாமல் இந்த அறிக்கையை முடிக்க மனம் வரவில்லை. ஒப்பந்தக் கொசு ஒழிப்புப் பணியாளர்கள் பலர் சாக்கடை கலந்த தண்ணீரில் ரப்பர் செருப்போடு இறங்கினார்கள். எலிக்காய்ச்சல் கால் வெடிப்பு வழியாகவே உள்ளே போகும். அவர்களுக்கு கம்பூட்ஸ், கையுறை, டெட்டனஸ் ஊசி, மருத்துவ அலுவலர் ஆலோசனைப்படி எலிக்காய்ச்சல் வராமல் தடுக்க வாரம் 200 மி.கி. டாக்ஸிசைக்ளின் மாத்திரை, எல்லாமே தண்ணீரில் இறங்கும் முன் கையில் இருக்க வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்டிருக்கிறோம். பாதி நிறைவேறியது. மீதிக்கு விடாமல் கேட்போம்.

செயற்குழு ஒழுங்காகக் கூடியது, வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். வரும் ஆண்டுக்கு மூன்று முடிவுகளைப் பொதுக்குழு முன் வைக்கிறேன்: ஆடி முடிவதற்குள் எல்லா டேங்குகளின் கடைசிக் குழாயையும் காட்டும் கைவரைபடம், புரட்டாசிக்குள் பவுடரின் வீரியச் சோதனை, சிப்காட் தொழிற்பேட்டை பக்கத்து ஊர்களில் வாயுக் கசிவு ஒத்திகை, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே நடப்பது எப்படி என்பது உட்பட. ஆய்வு செய்து, திருத்தம் இருந்தால் சொல்லி, அறிக்கையை ஏற்றுத் தரும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்