கை-வர்க்கச் சோதனை எல்லாவற்றுக்கும் பொருந்தாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எம்.பி.ஏ., எம்.காம். மாணவர்களுக்கு இது ப்ராஜெக்ட் சீசன். கல்லூரியில் புள்ளியியல் நடத்தியவன் என்பதால் தெரிந்த பிள்ளைகள் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்து 'சார், ஒருதடவை பார்த்துக் கொடுங்க' என்பார்கள். தலைப்பு மாறும், ஊர் மாறும், ஆய்வு முறை என்ற அத்தியாயம் மட்டும் மாறவே மாறாது. சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கச் சோதனை (பிரிவுகளாகப் பிரித்த இரண்டு விஷயங்களுக்குத் தொடர்பு உண்டா என்று எண்ணிக்கையை வைத்துப் பார்ப்பது), ஒட்டுறவு (இரண்டு அளவுகள் சேர்ந்து ஏறி இறங்குகின்றனவா என்று பார்ப்பது), அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது). ஏன் இந்தச் சோதனை என்று கேட்டால் 'கைடு சொன்னார்', 'சீனியர் போட்டிருந்தாங்க', இல்லையென்றால் 'ப்ராஜெக்ட் சென்டர்ல எஸ்.பி.எஸ்.எஸ். போட்டுக் கொடுத்தாங்க'. எஸ்.பி.எஸ்.எஸ். என்பது புள்ளியியல் கணக்குப் போடும் மென்பொருள். பிள்ளைகள் மேல் எனக்குக் கோபமில்லை, அவர்களுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லித் தரவில்லை.

வயதுக்கும் வாடிக்கையாளர் திருப்திக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்கிறார்கள் என்று வையுங்கள். வயதை எண்ணாகவே கேட்கலாம், அதை விட்டுவிட்டு ஐந்து பிரிவு போட்டு டிக் அடிக்கச் சொல்கிறார்கள். திருப்தியும் ஐந்து நிலை. ஆக 25 கட்டம், நூறு பேர், கட்டத்துக்குச் சராசரியாக நாலே பேர். தொடர்பே இல்லையென்றால் ஒரு கட்டத்தில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று கணக்கிடுவதுதான் எதிர்பார்க்கும் எண்ணிக்கை, அது பெரும்பாலான கட்டங்களில் ஐந்துக்குக் குறையக் கூடாது என்பதுதான் கை-வர்க்கத்துக்கு வழக்கமாகச் சொல்லும் விதி. எத்தனை கட்டத்தில் அது குறைகிறது என்று எஸ்.பி.எஸ்.எஸ். அட்டவணைக்குக் கீழே தானாகவே ஒரு வரி போட்டுவிடும். அந்த வரியை வெட்டிவிட்டு அட்டவணையை மட்டும் அறிக்கையில் ஒட்டுகிறார்கள்! அப்புறம் இன்னொன்று, இந்தச் சோதனைக்கு வரிசை தெரியாது, 'மிகத் திருப்தி' இருக்கும் இடத்தில் 'திருப்தியே இல்லை' என்பதைத் தூக்கி வைத்தாலும் விடை அதேதான். வரிசையுள்ள இரண்டு மாறிகளுக்கு (அளக்கும் விஷயங்களுக்கு) ஆங்கிலேய உளவியலாளர் ஸ்பியர்மேன், தரவரிசைகளை ஒப்பிடும் தர ஒட்டுறவை 1904-லேயே கொடுத்துவிட்டார்.

சிலர் எண்ணிக்கைக்குப் பதில் சதவீதத்தையே கட்டத்தில் போட்டுக் கணக்கிடுகிறார்கள். 40 பேரை நூறாக்கினால் கை-வர்க்க மதிப்பு இரண்டரை மடங்கு ஏறிவிடும், இல்லாத தொடர்பு இருப்பதாகத் தெரியும். பயிற்சிக்கு முன், பின் என்று ஒரே ஆளிடம் இருமுறை கேட்டதை இரண்டு தனிக்குழு மாதிரி ஒப்பிடுவதும் நடக்கிறது. அதற்கு ஒவ்வொருவரின் இரண்டு பதிலையும் ஜோடியாக ஒப்பிடும் இணைச் சோதனைதான் வேண்டும்.

இதெல்லாம் மதிப்பெண்ணோடு போய்விடும் விஷயம் என்று சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். 1986 ஜனவரி 28 அன்று அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் ஏழு பேரோடு வெடித்துச் சிதறியதே, அதற்கு முந்தின இரவு நடந்த விவாதமே இரண்டு மாறிகளின் தொடர்பைப் பற்றியதுதான்: குளிருக்கும், ராக்கெட் இணைப்பில் இருந்த ரப்பர் வளையம் சேதமாவதற்கும். அப்போது விவாதித்தவர்கள் ஒப்பிட்டது முன்பு சேதம் ஏற்பட்ட ஏழு பயணங்களை மட்டும். அவை 53 முதல் 75 டிகிரி ஃபாரன்ஹீட் வரை பரவிக் கிடந்ததால் தொடர்பு தெளிவாகத் தெரியவில்லை. சேதமே இல்லாத 16 பயணங்களையும் சேர்த்துப் பாருங்கள். 65 டிகிரிக்குக் கீழே கிளம்பியவை நான்கு, நான்கிலும் சேதம். மேலே 19, சேதம் மூன்றில்தான். இந்த நாலு கட்டத்துக்கும் கை-வர்க்கம் பொருந்தாது, ஏனென்றால் ஒரு கட்டத்தில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை ஒன்றேகால்கூட இல்லை. எண்ணிக்கை குறைவாக இருக்கும்போது போடும் ஃபிஷரின் துல்லியச் சோதனையை நான் போட்டுப் பார்த்தேன். தொடர்பே இல்லையென்றால் இப்படி ஒரு பிரிவு தற்செயலாக அமைய ஆயிரத்தில் நான்கு வாய்ப்புதான். 65 என்ற கோட்டை நாமே தரவைப் பார்த்துவிட்டுப் போட்டோம் என்று யாராவது ஆட்சேபித்தால் அது நியாயம்தான், அதனால் கோடு போடாமல் வெப்பநிலையை எண்ணாகவே வைத்து லாஜிஸ்டிக் தொடர்புப் போக்கு (வெப்பநிலை மாற மாறச் சேதத்தின் வாய்ப்பு எப்படி மாறுகிறது என்று பார்க்கும் முறை) போடுவது இன்னும் சரி, பிற்பாடு புள்ளியியலாளர்கள் அப்படித்தான் செய்தார்கள். விண்கலம் கிளம்புவதாக இருந்த நேரத்துக்குச் சொல்லப்பட்ட வெப்பநிலையோ 31 டிகிரி சுமார். அவ்வளவு குளிரில் அதற்கு முன் ஒரு பயணமும் கிடையாது.

கல்லூரிகளிடம் நான் கேட்பது இதுதான்: எந்தச் சோதனை, ஏன் என்பதை ஆய்வுக்கான கேள்விப் படிவம் அச்சாவதற்கு முன்பே மாணவரும் கைடும் எழுதி வைக்கட்டும். மாறி எண்ணா, வரிசையா, வெறும் பெயரா, ஆட்கள் தனித்தனியா, அதே ஆட்களா, எத்தனை பேர். எண்ணாக இருந்தால் முதலில் சிதறல் விளக்கப்படம் வரைந்து பார்த்துவிட்டு அப்புறம் வழக்கமான ஒட்டுறவுக் கெழுவுக்கு (தொடர்பின் அளவைச் சொல்லும் எண்ணுக்கு) போகட்டும், ஏனென்றால் அந்தக் கெழு அளப்பது நேர்கோட்டுத் தொடர்பை மட்டும். வைவா எடுப்பவர்கள் விடையைக் கேட்பதற்கு முன் இந்தக் காரணத்தைக் கேட்க வேண்டும். உங்கள் நாளிதழும் 'ஆய்வில் தொடர்பு உறுதி' என்று தலைப்புப் போடும்போது எத்தனை பேரிடம் கேட்டார்கள், எந்த முறையில் சோதித்தார்கள் என்று இரண்டு வரி சேர்த்து வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற புள்ளியியல் ஆசிரியர்,
திருச்சி.