செட் மாற்றினால் ஸ்டீயரிங் பட்டன் ஏன் சாக வேண்டும்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கம்பெனி கொடுத்த மியூசிக் செட்டைக் கழற்றிவிட்டு ஒன்பது அங்குல ஆண்ட்ராய்டு திரை போடுவது காரில் இப்போது சாதாரண வேலை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை முதல் சின்ன ஊர் கடைத்தெரு வரை, காலையில் வண்டியை விட்டால் மாலைக்குள் மாட்டித் தந்துவிடுகிறார்கள். திரை நன்றாக ஓடும். ஸ்டீயரிங்கில் சத்தம் கூட்டும் பட்டனை அழுத்தினால் மட்டும் ஒன்றும் நடக்காது. கேட்டால், "வெளி செட் போட்டா ஸ்டீயரிங் கண்ட்ரோல் வராது சார்" என்கிறார்கள்.

பெரும்பாலான கார்களுக்கு இந்தப் பதில் தவறு. பட்டன் கெடவில்லை. புதுச் செட்டிலும் அதற்கான வழி இருக்கிறது. நடுவே இரண்டு அல்லது மூன்று ஒயர் இணைக்கப்படாமல் டேஷ்போர்டுக்குப் பின்னால் தொங்குகிறது, அவ்வளவுதான். வாசகர்கள் தெரிந்து கேட்டால் கடைக்காரர்கள் செய்து கொடுப்பார்கள் என்பதால் இதை விவரமாக எழுதுகிறேன்.

இதைச் சொகுசு என்று ஒதுக்கிவிட முடியாது. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் கார் ஒரு நொடியில் 16 மீட்டருக்கு மேல் நகர்ந்துவிடும். தொடுதிரையில் சத்தத்தைக் குறைக்க இரண்டு நொடி கண்ணை எடுத்தால் 33 மீட்டர் பார்க்காமலே ஓட்டியிருப்போம். கையில் செல்போனைப் பிடித்தபடி ஓட்டுவது மோட்டார் வாகனச் சட்டத்தின் 184-ஆவது பிரிவில் வரும் குற்றம். அழைப்பை எடுக்கும் பட்டன் ஸ்டீயரிங்கில் இருக்கும்போது அதைச் செயலிழக்க வைத்துவிட்டுச் செல்போனைத் தேட வைப்பது எந்த வகையில் சரி?

பட்டன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். பல கார்களில் ஸ்டீயரிங்கின் ஒவ்வொரு பட்டனுக்குப் பின்னாலும் ஒரு ரெசிஸ்டர், அதாவது கரண்டைத் தடுக்கும் சின்னப் பாகம், இருக்கிறது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் சிக்னல் போவது ஒரே ஒயரில்தான், ஓமில் அளக்கும் ரெசிஸ்டன்ஸ் (மின்தடை) மட்டும் மாறும். டொயோட்டா கார்கள் பலவற்றில் செட்டுக்குப் பின்னால் இதற்கென்றே மூன்று ஒயர் வரும்: சிக்னலுக்கு இரண்டு, கரண்ட் திரும்பிப் போகும் எர்த்துக்கு ஒன்று. முதல் சிக்னல் ஒயரில், எதையும் அழுத்தாதபோது 100 கிலோ ஓம் அளவில் காட்டும். அடுத்த பாட்டுக்கான பட்டனை அழுத்தினால் ஏறக்குறைய பூஜ்யம், முந்தைய பாட்டுக்கு 330 ஓம், சத்தம் கூட்ட 1 கிலோ ஓம், குறைக்க 3.1 கிலோ ஓம். போன், மோட் பட்டன்கள் இரண்டாவது ஒயரில் இதே அளவுகளில் வரும்.

செட்டைக் கழற்றி, சாவியை அணைத்துவிட்டு, மல்டிமீட்டரை 20 கிலோ ஓம் அளவில் வைத்துக் கம்பெனி கப்ளரில் (செட்டுக்குப் பின்னால் ஒயர்கள் வந்து சேரும் பிளக்) சிக்னலுக்கும் எர்த்துக்கும் நடுவே பிடியுங்கள். ஒவ்வொரு பட்டனாக அழுத்தி, வரும் எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிட வேலை. பின்னால் வரும் குழப்பங்களில் முக்கால்வாசிக்கு இந்தத் தாளே விடை சொல்லிவிடும்.

ஆண்ட்ராய்டு செட்களில் கீ 1, கீ 2 என்று எழுதிய இரண்டு மெல்லிய ஒயர்கள் இருக்கும். நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், எழுத்தைப் பார்த்துத்தான் இணைக்க வேண்டும். காரின் சிக்னல் ஒயர்கள் இவற்றில் சேரும். அத்தோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். விட்டுப்போவது மூன்றாவது ஒயர், அதாவது எர்த். இப்படிப்பட்ட கார்களில் பட்டனின் எர்த் காரின் இரும்பு பாடியில் முடிவதில்லை, கம்பெனி செட்டுக்குள் போய் அங்கேதான் முடிகிறது. அந்தச் செட்டைக் கழற்றிய நிமிடமே பட்டனுக்கு எர்த் போய்விடுகிறது. கீ ஒயரை எவ்வளவு சரியாகச் சேர்த்தாலும் எந்தப் பட்டனும் பேசாது. காரின் அந்த எர்த் ஒயரைப் புதுச் செட்டின் கருப்பு ஒயரோடு சேர்த்துவிட்டால் உயிர் வந்துவிடும். "இந்த மாடலுக்கு வராது" என்று திருப்பி அனுப்பப்படும் வண்டியில் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

எர்த்திலேயே இன்னொரு கோளாறும் உண்டு. பகலில் எல்லாம் சரியாக இருக்கும். இரவில் ஹெட்லைட் போட்டதும் சத்தம் கூட்டும் பட்டன் பாட்டை மாற்றும். ஸ்டீயரிங் பட்டனுக்குள் எரியும் குட்டி விளக்கின் கரண்டும் பட்டன் சிக்னலும் ஒரே எர்த் வழியாகத் திரும்பினால், அந்த எர்த் இணைப்பு தளர்வாக இருந்தால், விளக்கு எரியும்போது எர்த்தின் வோல்டேஜ் சற்று மேலேறும். எந்த அளவு எந்தப் பட்டன் என்று செட் முன்பே பதிந்துவைத்த கணக்கு அதனால் நகர்ந்துவிடுகிறது. டேஷ்போர்டுக்குள் கைக்கு எட்டிய ஏதோ ஒரு ஸ்க்ரூவில் எர்த்தைச் சுற்றிவைத்தால் இப்படித்தான் ஆகும். செட்டின் எர்த்தும் பட்டனின் எர்த்தும் ஒரே புள்ளியில், சால்டர் வைத்துச் சேர வேண்டும்.

இனி, எந்தப் பட்டன் எதற்கு என்று செட்டுக்குக் கற்றுக்கொடுப்பது. எஞ்சினை ஓடவிட்டு, ஹெட்லைட்டை அணைத்து, செட்டிங்ஸில் ஸ்டீயரிங் பகுதியைத் திறக்க வேண்டும். பழைய பதிவை அழித்துவிட்டுத் தொடங்குங்கள். ஸ்டீயரிங் பட்டனை இரண்டு மூன்று நொடி அழுத்திப் பிடித்தபடியே, திரையில் அதற்குரிய படத்தைத் தொட வேண்டும். எல்லாம் முடிந்ததும் சேமிக்கும் பட்டனைத் தொடாமல் வெளியே வந்தால் அத்தனையும் வீண். பிறகு ஹெட்லைட்டைப் போட்டு ஒருமுறை, ஸ்டீயரிங்கை இடது கடைசி வரை திருப்பி ஒருமுறை, வலது கடைசி வரை ஒருமுறை எல்லாப் பட்டனையும் அழுத்திப் பாருங்கள். திருப்பும்போது மட்டும் தடுமாறினால் ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும், அதோடு சேர்ந்து சுழலும் ரிப்பன் ஒயர்ச் சுருளான கிளாக் ஸ்பிரிங்கில்தான் சந்தேகம். செட்டைக் குறை சொல்ல வேண்டாம்.

இரண்டு பட்டன்கள் ஒன்றாகத் தெரிந்தால் காரணம் வேறு. செட்டுக்குள் இருக்கும் ரெசிஸ்டரும் பட்டனின் ரெசிஸ்டரும் செட் கொடுக்கும் வோல்டேஜை, உதாரணத்துக்கு 3.3 வோல்ட்டை, பங்குபோட்டுக்கொள்கின்றன. செட்டுக்குள் 1 கிலோ ஓம் இருந்தால், மேலே சொன்ன நான்கு பட்டன்களும் ஏறக்குறைய 0, 0.8, 1.65, 2.5 வோல்ட் என்று நன்றாக விலகி நிற்கும். செட்டுக்குள் 10 கிலோ ஓம் இருந்தால் அதே பட்டன்கள் 0, 0.1, 0.3, 0.78 என்று ஒரு மூலையில் நெருங்கிவிடும். 0-வுக்கும் 0.1-க்கும் நடுவே செட்டுக்கு வித்தியாசம் பிடிபடாது. சில ஆண்ட்ராய்டு செட்களின் ஃபேக்டரி செட்டிங்ஸில் இந்த அளவை மாற்ற வசதி இருக்கிறது. மாற்றிவிட்டு முதலிலிருந்து கற்றுக்கொடுத்தால் சரியாகிவிடும். கீ 2-வில் வர வேண்டியதைக் கீ 1-லேயே சேர்த்து முறுக்கிவிட்டாலும் இதே குழப்பம் வரும், ஏனென்றால் இரண்டு ஒயரிலும் பட்டன் அளவுகள் ஒன்றுதான்.

பயனியர், கென்வுட் போன்ற கம்பெனிகளின் பல செட்களில் கீ 1, கீ 2 இருக்காது. பயனியரில் 3.5 மில்லிமீட்டர் ஜாக், கென்வுட்டிலும் ஜேவிசியிலும் நீலமும் மஞ்சளும் கலந்த ஒயர் என்று தனி வழி வைத்திருப்பார்கள். அந்த வழி எதிர்பார்ப்பது அவர்களுடைய சொந்த அளவுகளை. காரின் ஒயரை நேராகக் கொடுத்தால் புரியாது. நடுவே ஒரு ஸ்டீயரிங் அடாப்டர் வேண்டும். காரின் அளவைக் கற்று, செட் புரிந்துகொள்ளும் அளவாக அது மாற்றித்தரும். செட் வாங்கும்போதே அதையும் சேர்த்து விலை கேளுங்கள்.

ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா போன்றவற்றில் கதையே வேறு. பட்டன் அழுத்துவது கேன் பஸ் என்ற இரட்டை முறுக்கு ஒயரில் டிஜிட்டல் செய்தியாகச் செட்டுக்கு வருகிறது. மல்டிமீட்டரில் எந்தப் பட்டனுக்கும் எண் மாறாது. பேட்டரியைக் கழற்றிவிட்டு அந்த இரண்டு ஒயருக்கு நடுவே பார்த்தால், ஹை ஸ்பீடு கேனில் 60 ஓம் அளவில் வரும். இரு முனையிலும் உள்ள 120 ஓம் ரெசிஸ்டர்கள் இணையாகச் சேர்வதால் வரும் எண் அது. இந்த ஒயரில் கீ 1-ஐச் சொருகக் கூடாது. மற்ற கண்ட்ரோல் யூனிட்களும் பேசும் லைன் அது, ஓட்டுநர் முன்னால் இருக்கும் கார் மீட்டரில் எச்சரிக்கை விளக்குகள் வரிசையாக எரியத் தொடங்கும். அந்த மாடலுக்கான கேன் பஸ் பெட்டி போட்டு, செட்டின் செட்டிங்ஸில் பெட்டியின் கம்பெனியையும் காரின் மாடலையும் சரியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். பெட்டி மாட்டியும் பட்டன் வரவில்லை என்றால் முக்கால்வாசி இந்தத் தேர்வுதான் தவறியிருக்கும். சாவி போட்டதைச் சொல்லும் சிக்னலே இவற்றில் பல கார்களில் கேன் வழியாகத்தான் வருகிறது. பெட்டியிலிருந்து வரும் ஒயரை எடுத்துச் செட்டின் சிவப்பு ஒயருக்குக் கொடுக்க வேண்டும்.

அந்தச் சிவப்பு ஒயர் கிடைக்காதபோது சிலர் அதையும் மஞ்சளையும் சேர்த்து முறுக்கிவிடுகிறார்கள். மஞ்சள் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும். சேர்த்துவிட்டால் செட் தூங்கவே தூங்காது. 100 மில்லி ஆம்பியர் மட்டும் இழுத்தால்கூட ஒரு நாளில் 2.4 ஆம்பியர் மணி போகும். சின்னக் கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு வாரத்தில் ஏறக்குறைய பாதி காலி. ஊருக்குப் போய்விட்டு வந்தால் வண்டி ஸ்டார்ட் ஆகாது, பழி பேட்டரி மேல் விழும்.

செய்யவே கூடாத சிலவற்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பட்டன் ஒயரைத் தேட டெஸ்ட் லேம்ப் (12 வோல்ட் குட்டி பல்பு வைத்த சோதனைக் கம்பி) பயன்படுத்தாதீர்கள். கீ லைன் 3.3 அல்லது 5 வோல்ட்டுக்கானது. அதில் 12 வோல்ட் பட்டால் செட்டின் அந்த உள்வழி கருகிவிடும். ஸ்பீக்கரின் நெகட்டிவ் ஒயரைப் பாடியில் சேர்த்தால் ஆம்ப்ளிஃபயர் ஐசி போய்விடும். இதைவிடப் பெரியது ஏர்பேக். 2019 ஜூலை 1 முதல் ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயம் என்பதால் அதற்குப் பின் வந்த எல்லாக் கார்களிலும் ஸ்டீயரிங்குக்குள் அது இருக்கிறது. மஞ்சள் நிறக் கப்ளரைக் கண்டால் மீட்டர் முனையை அதன் பக்கம் கொண்டுபோகவே கூடாது. கம்பெனிப் பட்டன்களை வேலை செய்யவைக்க ஸ்டீயரிங்கைக் கழற்றத் தேவையே இல்லை. வேண்டியதெல்லாம் செட்டுக்குப் பின்னாலேயே வந்து நிற்கிறது. கழற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடலாம்.

பேஸ் மாடலில் பட்டனே இல்லாமல் இருந்து, புதிதாக வைக்கச் சொல்கிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பல பேஸ் மாடல் கிளாக் ஸ்பிரிங்கில் ஹாரனுக்கும் ஏர்பேக்குக்கும் மட்டுமே லைன் இருக்கும். டாப் மாடல் ஸ்பிரிங்கைப் போட வேண்டும். அதை நடுநிலையில் வைக்காமல் மாட்டினால் முழுத் திருப்பத்தில் உள்ளே இருக்கும் ரிப்பன் அறுந்துவிடும். ஹாரனும் போகும், ஏர்பேக்கும் போகும். கம்பெனி சர்வீஸ் சென்டரைத் தவிர வேறெங்கும் இதைச் செய்ய வேண்டாம்.

கம்பெனி ஒயரை வெட்டாமல் மாட்டும் கப்ளர் செட் நம் சாலைகளில் அதிகம் ஓடும் மாடல்களுக்குக் கிடைக்கிறது. ஒயரை வெட்டிவிட்டால் பின்னால் மின் கோளாறுக்கு வாரன்ட்டி கேட்கும்போது மறுப்பதற்கு அதுவே காரணமாகிவிடும். சேர்க்க வேண்டிய இடத்தில் வெறும் டேப் சுற்றுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். மே மாத வெயிலில் நிற்கும் காரின் டேஷ்போர்டுக்குள் டேப்பின் பசை உருகி வழுக்கி, இணைப்பு வெளியே வந்துவிடும். சால்டரும், சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் ட்யூபும் போதும். ரிவர்ஸ் சென்சாரின் எச்சரிக்கை கம்பெனித் திரையில் வருகிற காராக இருந்தால், திரையைக் கழற்றிய பிறகு அது எப்படி வரும் என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

கடைக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். டேஷ்போர்டு திறந்திருக்கும்போதே வாடிக்கையாளரை உட்காரவைத்து எல்லாப் பட்டனையும் அழுத்திக் காட்டுங்கள். மூடிய பிறகு திறந்தால் பேனல் கிளிப் உடையும், பிறகு வாழ்நாள் முழுக்க அது கடகடக்கும். பில்லில் "ஸ்டீயரிங் கண்ட்ரோல் சரிபார்க்கப்பட்டது" என்று ஒரு வரி எழுதிக் கொடுங்கள். வாடிக்கையாளர்கள் பழைய செட்டையும் அதன் ஸ்க்ரூக்களையும் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டும். பட்டன் அளவுகளைக் குறித்த தாளை டேஷ்போர்டு பெட்டியில் வண்டிக் காகிதங்களோடு வைத்துவிடுங்கள். செட் அடுத்த முறை மாறும்போது, அல்லது பட்டன் ஒருநாள் தடுமாறும்போது, மீட்டரில் வரும் எண்ணை ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.

இப்படிக்கு,
கார் மின் வேலை பார்க்கும் வாசகர்,
சென்னை.