ராமிரஸின் இரண்டாவது ஆட்டம்

ஆசிரியருக்கு,

அயல்நாட்டில் ஆடிய பேஸ்பால் வீரர்கள் பற்றிய உங்கள் விளையாட்டுப் பக்கக் கட்டுரையைப் படித்தேன். வெனிசுலாவின் அலெக்ஸ் ராமிரஸ், 2013-ல் ஜப்பானில் 2,000 ஹிட் (பந்தை அடித்துவிட்டு அவுட் ஆகாமல் தளத்தை எட்டுவது) எட்டிய முதல் வெளிநாட்டு வீரர் என்று எழுதியது சரி. ஆனால் அவர் பயிற்சியாளரானதை ஒற்றை வரியில் முடித்துவிட்டீர்கள். விஷயமே அங்கேதான் இருக்கிறது. 2001-ல் ஜப்பானின் யாகுல்ட் அணிக்கு வந்தவர், எதிரணி கேட்சர் (பேட்டருக்குப் பின்னால் அமர்ந்து பந்தைப் பிடிப்பவர்) என்ன யோசிக்கிறார் என்று படிப்பதில் மெனக்கெட்டார். அந்தப் பழக்கம்தான் அவரைப் பயிற்சிப் பக்கம் கொண்டுவந்தது என்பேன். 2014-ல் ஜப்பானின் குன்மா மாகாணத்துச் சிறிய லீக் அணியில் ஆடிக்கொண்டே பேட்டிங் பயிற்சியும் தந்தார். அப்புறம் 2016-ல் யோகோஹாமா பேஸ்டார்ஸ் அணியின் தலைமைப் பயிற்சியாளராகப் பொறுப்பேற்று, மறு ஆண்டே அணியை ஜப்பான் சீரிஸ் என்ற இறுதித் தொடர் வரை கொண்டுபோனார்.

வேலை நிமித்தம் யோகோஹாமாவில் இருந்தபோது ஒரு மாலை ஆட்டம் பார்க்கப் போயிருந்தேன். வழக்கமாக பேட்டிங் வரிசையில் கடைசியாக, ஒன்பதாவதாக வரும் பிட்ச்சரை (பந்து வீசுபவரை) ராமிரஸ் எட்டாவதாக இறக்கியிருந்தார். பக்கத்து இருக்கைப் பெரியவர் ஸ்கோர் அட்டையில் பென்சிலால் குறித்தபடி தலையை ஆட்டினார். திட்டினாரா, ரசித்தாரா, இன்றுவரை புரியவில்லை. 2020 வரையிலான அந்த ஐந்து சீசன்களுக்குத் தனிக் கட்டுரை ஒன்று ஒதுக்குங்கள். கூடவே பேட்டிங் வரிசையை விளக்கும் சிறு படமும் போட்டால், ஆட்டம் தெரியாதவர்களுக்கும் உதவும்.

– ஒரு வாசகர், கோவை