சாங்-சுல் அண்ணாவுக்கு, ஐந்தாவது ஜூன் 7

அன்புள்ள சாங்-சுல் அண்ணா,

இன்று ஜூன் 7. நீங்கள் போய் ஐந்து வருடம். கொரியாவுக்காக உலகக் கிண்ணங்களில், 2002இல் பூசானில் போலந்துக்கு அடித்த கோலையும் 1998இல் பரிஸில் பெல்ஜியத்துக்கு அடித்த கோலையும் உங்களுக்கே திருப்பிச் சொல்லி என்ன பயன்? போலந்துக் கோல்காப்பாளர் டூடெக்கின் கையில் பட்டும் நிற்காமல் வலைக்குள் போன அந்தப் பந்தை இன்றைக்கு எல்லாரும் பகிர்வார்கள். நான் எழுதுவது உங்களுக்குத் தெரிய வழியில்லாத ஒரு செய்தியை.

நீங்கள் கடைசியாகப் பயிற்றுவித்த இஞ்சியோன் யுனைட்டட் முதல் பிரிவிலிருந்து இறங்கிவிட்டது அண்ணா. 2024இல். கடைசி இடம், நேரே இரண்டாம் பிரிவு.

தப்பிப் பிழைப்பதில் மன்னர்கள் என்று பெயரெடுத்த அணி. ஒவ்வொரு வருடமும் கடைசிக் கிழமைவரை இழுபட்டு எப்படியோ நின்றுவிடும். அந்த வருடம் நிற்கவில்லை. அழுதார்கள், கோபப்பட்டார்கள். ஆனால் அடுத்த பருவத்தில் அதே ரசிகர்கள் அதே மைதானத்துக்குத்தான் வந்தார்கள். 2025இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்து மறுபடி மேலே வந்துவிட்டார்கள். ஏற்றிவிட்ட பயிற்றுவிப்பாளர் வேறு யாரும் இல்லை, 2002 உலகக் கிண்ணக் கொரிய அணியில் உங்களோடு இருந்த யூன் ஜங்-ஹ்வான்.

ஒரே வருடம். இறங்கினார்கள், ஏறினார்கள். அந்தச் செய்தியை வாசித்த அன்று சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு உங்கள் மேல் கோபம்தான் வந்தது. நோயோடு அந்த அணியை நடத்திய 2019இல், இறங்கினால் இறங்கட்டும் என்று நீங்கள் ஒரு தடவை சொல்லியிருக்கலாம்.

மன்னியுங்கள். இறந்த ஒருவரோடு சண்டை பிடிப்பது முறையில்லை என்று தெரியும். ஆனால் அன்பாக மட்டும் எழுத எனக்கு வராது. அப்படி எழுதினால் அது உங்களுக்கான கடிதமாக இருக்காது, பார்க்கிறவர்களுக்கான அஞ்சலியாகிவிடும்.

என் மனதை விட்டுப் போகாதது ஒரு காட்சிதான். 2019 நவம்பர் 30, சாங்வோன். பருவத்தின் கடைசிப் போட்டி, கியோங்நாமுக்கு எதிராக. சமநிலை போதும், தோற்றால் இரண்டாம் பிரிவு அணியோடு உயிருக்குப் போராடவேண்டும். கணையப் புற்றுநோய், நான்காம் கட்டம் என்று நீங்கள் எல்லாருக்கும் அறிவித்து இரண்டு கிழமைகூட ஆகவில்லை. அதற்கு முந்தைய கிழமை சொந்த மைதானத்தில், மழைக்குள் நின்றுகொண்டு சாங்ஜு சாங்முவை வென்றிருந்தீர்கள். அந்த மழையே எனக்குப் பொறுக்கவில்லை. பக்கத்தில் ஒருவருக்குமா குடை பிடிக்கத் தோன்றவில்லை?

சாங்வோனில் கோலே இல்லை. அழகான ஆட்டமும் இல்லை. கடைசி நிமிடங்களில் உங்கள் பையன்கள் பந்தை எப்படியாவது தூர அடித்தால் போதும் என்று ஆடினார்கள். விசில் ஊதியது. இஞ்சியோனிலிருந்து வந்திருந்த ரசிகர்கள் ஒரு பதாகையை விரித்தார்கள். மிச்சமிருக்கிற ஒரு வாக்கையும் கட்டாயம் காப்பாற்றுங்கள் என்று அதில் எழுதியிருந்தது. அணியை மேல் பிரிவில் நிறுத்துவேன் என்பது முதல் வாக்கு, அது முடிந்தது. திரும்பி வருவேன் என்பது இரண்டாவது.

முதல் தடவை பார்த்தபோது நானும் அழுதேன். பிறகு பார்க்கப் பார்க்க அந்தப் பதாகைமேல் எரிச்சல் வந்தது. நோயில் விழுந்த ஒருவரிடம் குணமாவதைக் கடன்போல எழுதிக் கேட்பதா? உங்களுக்கு நான்காம் கட்டம் என்று தெரியும், அவர்களுக்கும் தெரியும். அப்புறம் எதற்கு அந்தப் பாரத்தையும் உங்கள் தோளில் ஏற்றினார்கள்?

அவர்களையும் குறை சொல்ல முடியவில்லை. நான் அங்கே நின்றிருந்தால் அந்தத் துணியின் ஒரு மூலையைப் பிடித்திருப்பேன். கையில் வேறு என்ன இருந்தது எங்களிடம்?

நீங்கள் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத ஆள் அண்ணா. என் ஆத்திரம் முழுக்க அதில்தான். பின்னால் நில் என்றார்கள், நின்றீர்கள். நடுவில் ஆடு, முன்னால் போ என்றார்கள், போனீர்கள். கொரியாவின் கே லீக்கின் சிறந்த பதினொருவர் பட்டியலில் 1994இல் தடுப்பாளராக, 1998இல் மத்தியகள வீரராக, 2002இல் முன்கள வீரராக உங்கள் பெயர். இதை எல்லாரும் திறமை என்று கொண்டாடுகிறார்கள், நானும்தான். ஆனால் 2001இல் மெக்சிக்கோவுக்கு எதிராக மூக்கு உடைந்த பிறகும் வெளியே வராமல் நின்று, அதே தலையால் முட்டி வெற்றிக் கோலை அடித்தீர்களே, அதைக் கொண்டாட இப்போது என்னால் முடியவில்லை. இடது கண்ணில் ஏறத்தாழ பார்வை இல்லாமலே இத்தனை காலம் ஆடினீர்கள் என்பதும் ஓய்வு பெற்ற பிறகுதான் வெளியே வந்தது. அந்த உடம்பை நீங்கள் எப்போதாவது உங்களுடையதாக நினைத்ததுண்டா?

எங்கள் வீட்டிலும் ஒருவர் இருந்தார். அதே நோய், அதே கட்டம். கடைசி மாதம்வரை வேலைக்குப் போனார். ஏன் என்று கேட்டால், நான் போகாவிட்டால் அங்கே ஆளில்லை என்பார். இப்போது அந்தக் கதிரையில் வேறு ஒருவர் இருக்கிறார், வேலை நன்றாகவே நடக்கிறது. இதற்கு மேல் எழுதமாட்டேன். அவருடைய பிள்ளைகள் என் பதிவுகளை வாசிப்பவர்கள்.

அவர் உயிரோடு இருந்தபோது நாங்கள் சேர்ந்து பார்த்த கடைசி முழு ஆட்டம் எது தெரியுமா? நீங்கள் போய் இரண்டு நாளில், 2021 ஜூன் 9, கோயாங்கில் நடந்த உலகக் கிண்ணத் தகுதிப் போட்டி. கொரியாவுக்கு எதிரே எங்கள் இலங்கை. உங்கள் வீரர்கள் கையில் கறுப்புப் பட்டி. ஆட்டம் தொடங்குமுன் உங்களுக்காக மௌனமாக நின்றார்கள், எங்கள் பையன்களும்தான். நீங்கள் ஆடிய உல்சான் அணியில் வளர்ந்த கிம் ஷின்-வூக் முதல் கோலை அடித்துவிட்டு உங்கள் 6ஆம் இலக்க ஜேர்சியைத் தூக்கிப் பிடித்தார். எங்கள் வலைக்குள் போன கோல் அது. நாங்கள் இரண்டு பேரும் கை தட்டினோம். 5-0 என்று தோற்றதைப் பற்றி அன்றைக்கு எங்கள் வீட்டில் ஒரு சொல்கூடக் கதைக்கவில்லை.

சரி, இதுவரை எழுதியதை நீங்கள் வாசித்தால் என்ன சொல்வீர்கள் என்று எனக்குத் தெரியும். மைதானத்தில் பையன்களோடு நின்றபோதுதான் நான் உயிரோடு இருந்தேன் என்பீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. 2020 பெப்ரவரியில், நீங்கள் முன்பு ஆடிய யோகோகாமாவுக்குப் போய் பழைய ரசிகர்கள் முன்னால் நின்றீர்களே, உங்களால் முடியும் அண்ணா என்று கொரிய மொழியில் எழுதிப் பிடித்த அந்த யப்பானிய ரசிகர்கள் முன்னால். அந்த முகத்தில் நோயாளியே இல்லை. அதே வருடம் ஜூனில் இஞ்சியோன் ஒரு வெற்றிகூட இல்லாமல் தள்ளாடியபோது, திரும்பி வருகிறேன் என்று நீங்களே முன்வந்தீர்கள். வைத்தியரின் கருத்தைக் கேட்டுவிட்டு அணி வேண்டாம் என்றது. அந்த ஒரு முடிவுக்காக அந்த அணிக்கு என் வாழ்நாள் நன்றி. உங்களால் சொல்ல முடியாததை உங்களுக்காக அவர்கள் சொன்னார்கள்.

ஆனாலும் கோபம் போகவில்லை. காரணம் லீ காங்-இன். சுகமாக ஒரு கிழமை கிடைத்தால் அவன் ஆடுவதை மைதானத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்று ஆசைப்பட்டீர்கள். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் நீங்கள் பந்து பழக்கிய சின்னப் பையன். அந்த 2019 நவம்பரில் அவன் ஸ்பெயினில், வலென்சியா அணியில் இருந்தான். ஒரு விமானச் சீட்டு போதும். அந்தக் கிழமைகளை நீங்கள் சாங்ஜுவுக்கும் கியோங்நாமுக்கும் கொடுத்தீர்கள்.

2022 நவம்பர் 28, கட்டார் உலகக் கிண்ணம், கானாவுக்கு எதிரான ஆட்டம். கொரியா 2-0 என்று பின்னால் நிற்கிறது. 57ஆவது நிமிடத்தில் காங்-இன் உள்ளே வருகிறான். அடுத்த நிமிடமே இடது பக்கத்தில் எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறித்து, நிமிர்ந்து பார்த்து, இடது காலால் தூக்கிப் போடுகிறான். சோ கியூ-சுங் பாய்ந்து தலையால் முட்டுகிறார், கோல். மூன்று நிமிடத்தில் இன்னொன்று, 2-2. கடைசியில் 3-2 என்று தோற்றார்கள், அது வேறு கதை. அந்த 58ஆவது நிமிடத்தில் நீங்கள் அந்த மைதானத்தில் ஒரு கதிரையில் இருந்திருக்க வேண்டும் அண்ணா. எனக்கு அதற்குத்தான் இவ்வளவு கோபமும்.

உங்கள் தம்பிகளில் ஒருவன்,
இலங்கையிலிருந்து